ஐ.ஈ., ஈ.ஜி., விஸ்., எட் ஆல்: ஆங்கில ஆவணங்களில் வரும் இலத்தீன் சுருக்கங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மயிலை மொழிபெயர்ப்பாளர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். படிவங்களையும் சுற்றறிக்கைகளையும் காப்பீட்டு விதிமுறைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்வது பதினொரு ஆண்டுகளாக என் தொழில். அண்மையில் என் கையால் நேர்ந்த ஒரு பிழை மனத்தை விட்டு அகலாததால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில், முகவரிச் சான்று என்ற வரிக்குப் பக்கத்தில், ஈ.ஜி. என்று தொடங்கி ஆதார், குடும்ப அட்டை என்ற இரண்டு ஆவணங்களின் பெயர்கள் இருந்தன. நான் அதை ‘அதாவது ஆதார் அட்டை, குடும்ப அட்டை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். படிவம் அச்சாகி முகப்புக்கு வந்த இரண்டாவது வாரத்தில், எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அம்மா ஒருவர் கடவுச்சீட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய், வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, வேலை முடியாமல் திரும்பி வந்தார். முகப்பில் இருந்தவர் அந்த வரியில் விரலை வைத்து, ‘இந்த இரண்டுதான் என்று போட்டிருக்கிறதே, அம்மா’ என்று சொன்னாராம். அவர் படிவத்தை என்னிடம் கொண்டுவந்து, ‘நீ இந்த வேலைதானே செய்கிறாய், இது சரியா என்று பார்’ என்று நீட்டியபோதுதான் அது நான் எழுதிய வரி என்று தெரிந்தது.

ஈ.ஜி. என்பதன் விரிவு எக்ஸெம்ப்ளி கிராத்தியா, அதாவது ‘எடுத்துக்காட்டின் பொருட்டு’. ஐ.ஈ. என்பதன் விரிவு இத் எஸ்த்; ‘அதாவது’ என்ற பொருள் இதற்கே உரியது. இரண்டும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனாலும் வேலையின் வேகத்தில் இரண்டுக்கும் ‘அதாவது’ என்றே கை எழுதிவிடுகிறது. இப்படிக் கை தவறாமல் இருக்க நீங்கள் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? மற்ற இலத்தீன் சுருக்கங்களுக்கு உங்கள் துறையில் என்ன தமிழ் வழங்குகிறது? தெரிந்தவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திருவல்லிக்கேணி தமிழாசிரியர்

தங்கள் கேள்விக்கு விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது, அம்மா. முதலில் ‘அதாவது’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: அது, ஆவது. இலத்தீனில் இத் என்றால் அது. எஸ்த் என்றால் ஆகிறது, இருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனவே ‘அதாவது’ என்பதை ஐ.ஈ.க்கு மட்டுமே ஒதுக்கி வையுங்கள். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றே என்ற இடத்தில்தான் அது வர வேண்டும்.

அடுத்து, பட்டியல்கள். ‘கத்தரிக்காய், முருங்கைக்காய் ஆகிய காய்கள்’ என்றால் அந்த இரண்டு காய்கள் மட்டுமே. ‘கத்தரிக்காய், முருங்கைக்காய் முதலிய காய்கள்’ என்றால் கூடையில் வேறு காய்களும் உண்டு. ‘ஆகிய’ கதவை மூடுகிறது. ‘முதலிய’ கதவைத் திறந்து வைக்கிறது. ஈ.ஜி. வந்தால் ‘முதலிய’ அல்லது ‘போன்ற’, ஐ.ஈ. அல்லது, ‘இவைதாம்’ என்று பெயர் சுட்டும் விஸ். வந்தால் ‘ஆகிய’ அல்லது ‘அவையாவன’. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் ‘ஆகிய’, ‘முதலிய’ வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்த பிறகு, ஆங்கில ஆசிரியை ஈ.ஜி.யையும் ஐ.ஈ.யையும் நடத்தும்போது பிள்ளைகள் தாங்களே இணைத்துப் புரிந்துகொண்டதாகச் சொன்னார்.

எட்செட்ராவிலும் நமக்கு இன்னொரு வசதி உண்டு. எத் என்பது நம் எண்ணும்மை போன்றது; கேத்தெரா என்றால் எஞ்சியவை. அது அஃறிணைப் பன்மை. அதனால் பொருள்களின் பட்டியலுக்குப் பின்னால்தான் அது முறைப்படி வரும். ஆள்களின் பெயர்களுக்குப் பின்னால் வர வேண்டியது எத் ஆலீ, அதாவது ‘பிறரும்’. அதைத்தான் எட் ஆல் என்று சுருக்குகிறார்கள். தமிழில் ‘முதலியன’ என்பதும் ‘முதலியோர்’ என்பதும் இதே வேறுபாடுதான். ஆசிரியர்கள் நால்வரின் பெயரை எழுதி ‘முதலியன’ என்று முடித்தால் நமக்கு எப்படிக் காது கூசுகிறதோ, இலத்தீன் அறிந்தவர்களுக்கு ஆள்களின் பெயரோடு எட்செட்ரா சேர்ந்தால் அப்படிக் கூசும். எத் என்பதிலேயே உம்மை இருப்பதால், ‘அண்ட் எட்செட்ரா’ என்று எழுதுவது நம் நூல்கள் குற்றமாகச் சொல்லும் கூறியது கூறல். ஈ.ஜி. என்று தொடங்கிய பட்டியலை எட்செட்ராவில் முடிப்பதும் அவ்வாறே. எடுத்துக்காட்டு என்று சொன்ன போதே மற்றவையும் உண்டு என்பது அடங்கிவிட்டது.

அடையாறு ஆய்வு மாணவி

ஐயா சொன்ன ‘முதலியோர்’ விளக்கத்துக்கு மிக்க நன்றி. எட் ஆல் என்பதில் புள்ளி எங்கே வரும் என்று எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி கேட்பார்கள். எட் என்பது முழுச்சொல். அதற்குப் புள்ளி வேண்டாம். ஆலீ என்பதுதான் குறைக்கப்பட்டிருக்கிறது. புள்ளி அதற்கு மட்டுமே.

தமிழில் ஆய்வேடு எழுதுவோர் இத்தகைய சுருக்கங்களுக்கு நல்ல வழக்குகளை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். இபித். என்பது இபீதெம், ‘அதே இடத்தில்’. தமிழ் அடிக்குறிப்புகளில் அதற்கு ‘மேலது’ என்று எழுதுகிறோம். ஆப். சிட். என்பது ‘சுட்டிய நூலில்’ என்று பொருள்படும் ஓபெரே கிதாத்தோ, அதற்கு ‘மு.நூ.’, அதாவது முற்சுட்டிய நூல். இவை இரண்டும் ஒன்றல்ல என்பதில் கவனம் தேவை. இதற்கு உடனடியாக முன்னால் உள்ள குறிப்பில் வந்த நூலையே மீண்டும் சுட்டும்போது ‘மேலது’. இடையில் வேறு நூல் வந்துவிட்டால் ஆசிரியர் பெயரோடு ‘மு.நூ.’. இறுதித் திருத்தத்தில் நடுவே புதிதாக ஓர் அடிக்குறிப்பைச் செருகினால், அதற்குக் கீழே உள்ள ‘மேலது’ வேறு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். என் இரண்டாம் இயலில் அப்படி ஆறு குறிப்புகள் தவறான நூலைச் சுட்டியதை, ஏட்டை ஒப்படைக்க நான்கு நாள் இருக்கும்போது கண்டுபிடித்தேன். இப்போது எழுதும் காலத்தில் முழுப் பெயரையே இட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகே சுருக்குகிறேன்.

மிகுதியாகத் தவறாக ஆளப்படுவது சி.எஃப். என்பது. அதன் விரிவு கோன்ஃபேர், ‘ஒப்பிடுக’. வெறுமனே ‘காண்க’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அதைப் போடுகிறார்கள். நான் சொல்வதோடு மாறுபடும் கருத்தையோ, பக்கத்தில் வைத்து நிறை பார்க்க வேண்டிய சான்றையோ காட்டும்போதுதான் ‘ஒப்பு நோக்குக’ பொருந்தும்.

மயிலை மொழிபெயர்ப்பாளர்

‘ஆகிய’, ‘முதலிய’ இரண்டையும் சிறிய தாளில் எழுதித் திரைக்கு அருகில் ஒட்டிவிட்டேன். விஸ். என்பதைப் பற்றி ஒரு கேள்வி. அதன் விரிவு விதேலிகேத் என்று அகராதி காட்டுகிறது. அந்தச் சொல்லில் இசட் என்ற எழுத்தே இல்லையே, சுருக்கத்தின் கடைசியில் அது எங்கிருந்து வந்தது?

சைதாப்பேட்டை ஆவண எழுத்தர்

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல என் தொழில் உதவும் என்று நினைக்கிறேன். பத்திரம் எழுதுவது எங்கள் குடும்பத் தொழில். என் தந்தையார் காலத்துப் பத்திரங்களில் ஒரே சொத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வரும்போது, ‘மேற்படி’ என்று எழுதாமல் ௸ என்ற குறியை இடுவார்கள். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. இந்த நான்கு குறிகளும் தெரியாவிட்டால் பழைய மூலப்பத்திரத்தில் ஒரு வரியைக்கூட நகர்த்த முடியாது. இன்று வீடு வாங்க வரும் இளைஞர்கள் ௸ என்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ ஓர் எழுத்து அச்சில் சிதைந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். விரலை வைத்து ‘மேற்படி நான்கு எல்லைக்குள்பட்ட மனை’ என்று வாசித்துக் காட்டினால் அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும்.

விஸ். என்பதில் உள்ள இசட் அதே வகையைச் சேர்ந்தது. இடைக்காலத்தில் இலத்தீன் எழுதிய படியெடுப்போர், சொல்லின் இறுதியில் வரும் ஓசைகளுக்குப் பதிலாக மூன்று என்ற எண்ணைப் போலவோ, வால் நீண்ட இசட்டைப் போலவோ தோன்றும் ஒரு சுருக்கக் குறியை இட்டார்கள். அச்சு வந்தபோது அந்தக் குறிக்குத் தனி வார்ப்பு இல்லாத இடங்களில் இசட்டையே வைத்தார்கள்; பின்னால் அதுவே எழுத்தாக நிலைத்துவிட்டது. விதேலிகேத் என்பதன் நேர்ப்பொருள் ‘காணலாம்’. ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கும்போது அதை ‘நேம்லி’ என்றே பலர் வாசிப்பார்கள். நாங்கள் ௸ என்ற குறியைப் பார்த்து ‘மேற்படி’ என்று வாசிப்பது போலத்தான்.

பெயர்ப் பலகைகளில் ‘அண்ட் சன்ஸ்’ என்பதற்கு நடுவில் வரும் வளைந்த குறியும் இலத்தீன்தான். எத் என்ற சொல்லின் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி அந்த வடிவம் ஆகின.

பாரிமுனை வழக்கறிஞர்

உயர் நீதிமன்ற வளாகத்தில் நாள்தோறும் இலத்தீன் காதில் விழுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 32-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றமும், 226-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றங்களும் நீதிப்பேராணைகளை (ரிட்) வழங்குகின்றன. 32-ஆம் உறுப்பில் பெயர் சுட்டப்பட்டவை ஐந்து: ஹேபியஸ் கார்ப்பஸ், மாண்டமஸ், புரோஹிபிஷன், குவோ வாரண்டோ, செர்ஷியோராரி. புரோஹிபிஷன் மட்டும் ஆங்கிலச் சொல்லாக வழங்குகிறது. மற்ற நான்கும் நேர் இலத்தீன். இவற்றுள் மக்கள் நன்கறிந்தது முதலாவது. அதன் சொற்பொருள் ‘உடலை நீ கொண்டிருப்பாயாக’, அதாவது காவலில் வைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்து என்பது. என்னிடம் வந்த ஒரு தாய், மகனைக் காணவில்லை என்று அழுதுகொண்டிருந்தவர், ‘கார்ப்பஸ்’ என்ற சொல்லை யாரோ உறவினர் ‘பிணம்’ என்று விளக்கிவிட்டதால் மனுவில் கையெழுத்திடவே அஞ்சினார். ‘ஆட்கொணர்வு மனு, அம்மா. ஆளைக் கொண்டுவரச் சொல்லும் மனு’ என்று சொன்ன பிறகுதான் பேனாவை வாங்கினார். அந்தத் தமிழ்ச் சொல்லை ஆக்கியவரை நான் நன்றியோடு நினைக்காத நாள் இல்லை. இலத்தீனில் ‘உடல்’ என்றிருந்ததை அவர் ‘ஆள்’ என்று ஆக்கியிருக்கிறார்.

மாண்டமஸ் என்றால் ‘ஆணையிடுகிறோம்’. குவோ வாரண்டோ என்றால் ‘எந்த அதிகாரத்தால்?’ என்ற வினா. ஒருவர் பொதுப் பதவியில் எந்தத் தகுதியில் அமர்ந்திருக்கிறார் என்று கேட்பது. செர்ஷியோராரி என்றால் ‘தெரிவிக்கப்படுவதற்கு’. கீழமை மன்றத்தின் ஆவணங்களை வரவழைத்துப் பார்த்து, அதன் ஆணை தவறென்றால் நீக்குவது. அஃபிடவிட் என்பதும் இலத்தீனில் பெயர்ச்சொல் அன்று. ‘அவர் உறுதிமொழிந்து உரைத்தார்’ என்ற இறந்தகால வினைமுற்று அப்படியே ஆவணத்தின் பெயராகிவிட்டது. நாம் பிரமாணப் பத்திரம் என்கிறோம். கேவியட் மனுவில் வரும் கேவியட் ‘அவர் விழிப்பாக இருப்பாராக’ என்ற பொருள் கொண்டது. தமிழாசிரியர் ஐயா இதை வியங்கோள் என்று சொல்வார் என நினைக்கிறேன். எதிர்த்தரப்பு நம்மைக் கேட்காமலே இடைக்கால ஆணை பெற்றுவிடாதிருக்க முன்கூட்டித் தாக்கல் செய்யும் இந்த மனு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 148ஏ என்ற பிரிவாகச் சேர்ந்தது. தாக்கல் செய்த நாளிலிருந்து 90 நாள் வரை அது செல்லும். அந்தக் கெடு முடிந்ததைக் கவனிக்காமல் இருந்துவிடுவோர் பலர்.

நாளிதழ்கள் சில தொடர்களை அழகாகத் தமிழாக்கியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சைனி டை என்றால் ‘நாள் இன்றி’. ‘சட்டப்பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது’ என்று நாம் வாசிப்பது அதன் நேரடி வடிவம். சுவோ மோட்டு என்றால் ‘தன் சொந்த இயக்கத்தால்’. ‘நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது’ என்பது அதுதான். இதைச் ‘சுவோ மோட்டோ’ என்று எழுதுவது வழக்கறிஞர்களிடையே கூடப் பரவியிருக்கிறது. இறுதி எழுத்து ஓ அல்ல, உ. பிரைமா ஃபேசி என்றால் ‘முதல் தோற்றத்தில்’. ஃபாகியேஸ் என்பது முகத்தையும் தோற்றத்தையும் குறிக்கும் சொல். நாம் ‘முகாந்திரம் இருக்கிறது’ என்கிறோம். அங்கும் முகம் இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

எச்சரிக்கையாக ஒன்று. ‘இன் கேமரா’ விசாரணை என்றால் ஒளிப்படக் கருவி வைத்துப் பதிவு செய்வது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. இலத்தீனில் காமெரா என்றால் அறை. அது பொதுமக்களை வெளியே நிறுத்திவிட்டு மூடிய அறையில் நடத்தும் விசாரணை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ‘படம் பிடிப்பார்களாமே’ என்ற அச்சத்தில் சாட்சி சொல்லத் தயங்கிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ‘மூடிய அறை விசாரணை’ என்றே எல்லாரும் எழுத வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கோட்டை ஓய்வு அலுவலர்

தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலக் கோப்புகளில் ‘வைடு’ என்று தொடங்கி அரசாணை எண் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். விதே என்பது ‘பார்’ என்னும் ஏவல் வினை. நம் தமிழ்க் கடிதங்களில் ‘பொருள்’ என்பதற்குக் கீழே ‘பார்வை’ என்று ஒரு தலைப்பு இருக்கிறதே, அதே வேலையைத்தான் அது செய்கிறது. பணியில் சேர்ந்த புதிதில், ‘பார்வை’ என்றால் மேலதிகாரி பார்வையிட்டதற்கான குறிப்பு என்று நானே தவறாக நினைத்திருந்தேன்.

எக்ஸ் அஃபீஷியோ என்பதற்குப் ‘பதவி வழி’ என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. அட் ஹாக் என்பதில்தான் இன்னும் குழப்பம். அதைத் ‘தற்காலிக’ என்று எழுதுகிறார்கள். சொல்லின் பொருள் ‘இதற்கென்று’. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென அமைத்த குழு பல ஆண்டுகள் நீடிக்கலாம். அது கால அளவைச் சொல்லும் சொல் அன்று.

அண்ணாநகர் வாசகர்

மிகப் பயனுள்ள இழை. எனக்குத் தெரிந்த மூன்றைச் சேர்க்கிறேன். மருந்துச் சீட்டின் மேல் எழுதும் ஆர்.எக்ஸ். என்ற குறி வியாழன் கோளின் சின்னத்திலிருந்து வந்தது. எஸ்.ஓ.எஸ். என்றால் ‘எங்கள் உயிர்களைக் காப்பாற்றுங்கள்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மருத்துவர்கள் அதை ஆபத்துக் காலத்துக்கு என்று எழுதுகிறார்கள். ஏ.டி. என்பது கிறிஸ்து இறந்த பிறகு என்று பொருள்படும்.

ராயப்பேட்டை மருந்தாளுநர்

அண்ணாநகர் நண்பருக்கு: இந்த மூன்றையும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்; ஆனால் மூன்றும் சரியல்ல. இவற்றுள் இரண்டாவது உடல்நலத்தோடு தொடர்புடையது என்பதால் விளக்கமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டின் மேலுள்ள குறி ரெகிபே என்ற இலத்தீன் சொல்லின் முதல் எழுத்து. ‘எடுத்துக்கொள்’ என்பது அதன் பொருள். அந்த எழுத்தின் காலுக்குக் குறுக்கே இட்ட கோடு, இது சுருக்கம் என்று காட்டும் படியெடுப்போரின் அடையாளம். அதுவே எக்ஸ் போலத் தோன்றுகிறது. மருத்துவர் மருந்தாளுநருக்கு ‘இன்னின்ன சரக்கை இவ்வளவு எடு’ என்று இட்ட ஏவல் அது. சமையல் குறிப்புக்குச் சொல்லும் ரெசிபியும் இதே சொல்தான்.

எஸ்.ஓ.எஸ். என்பது மருந்துச் சீட்டில் சீ ஓபுஸ் சித் என்பதன் சுருக்கம்: ‘தேவைப்பட்டால்’. கப்பல்களின் அபாயக் குறிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்தக் குறி 1906-இல் பெர்லினில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்டது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தந்தியில் எளிதாக அடையாளம் காண முடிந்ததால் தேர்ந்தெடுத்தார்களே தவிர, அதற்கு விரிவு கிடையாது. எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் பெரியவர் ஒருவருக்கு மூட்டு வலிக்கென்று ஒரு மாத்திரை எழுதி, பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்று மருத்துவர் குறித்திருந்தார். அடுத்த மாதம் வந்தபோது பட்டையில் பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன. ‘உயிர் போகிற நிலை வந்தால்தான் போட வேண்டும் என்று என் பேரன் சொன்னான், வலியைப் பொறுத்துக்கொண்டேன்’ என்றார். நான்கு வாரம் இரவில் தூங்காமல் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து மாத்திரை உறையின் மேல் ‘வலி இருந்தால் மட்டும் ஒன்று, நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்’ என்று மருத்துவர் குறித்த அளவைக் கேட்டு என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

மற்றவை சுருக்கமாக: பி.டி. நாளுக்கு இரு முறை, டி.டி.எஸ். நாளுக்கு மும்முறை, ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின், எச்.எஸ். உறங்கும் வேளையில், ஸ்டாட் உடனே. ஓ.டி. என்பதில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். மாத்திரைச் சீட்டில் அது நாளுக்கு ஒரு முறை. கண் மருத்துவரின் சீட்டிலோ ஓகுலுஸ் தெக்ஸ்தெர், அதாவது வலக்கண், இடக்கண்ணுக்கு ஓ.எஸ். கண் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் ஓ.டி. என்று மட்டும் இருந்தால், மருத்துவரைத் தொலைபேசியில் கேட்காமல் நான் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், நாள்தோறும் என்பதற்கான கியூ.டி., ஒன்றுவிட்டு ஒரு நாள் என்பதற்கான கியூ.ஓ.டி. ஆகிய இரண்டையும் எழுதவே கூடாதவற்றின் பட்டியலில் 2004-இல் சேர்த்தது. நடுவில் ஒரே ஓர் எழுத்து தெளிவில்லாமல் போனால் மருந்தின் அளவு இரட்டிப்பாகிவிடும். நம் ஊர் மருத்துவர்கள் பலர் 1-0-1 என்று காலை, மதியம், இரவு வரிசையில் எண்களை இடுவதை நான் மனமார வரவேற்கிறேன். அதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்கிறார்.

அடையாறு ஆய்வு மாணவி

மூன்றாவதற்கு நான் விடை தருகிறேன். ஏ.டி. என்பது ஆன்னோ தோமினி, ‘ஆண்டவரின் ஆண்டில்’. எண்ணிக்கை தொடங்குவது கிறிஸ்துவின் பிறப்பாகக் கொண்ட ஆண்டிலிருந்து. இறப்பிலிருந்து எண்ணினால் அவர் வாழ்ந்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் எந்தக் கணக்கிலும் சேராமல் நின்றுவிடும். ‘கிறிஸ்துவுக்கு முன்’ என்ற பொருளில் வரும் பி.சி. என்பதோ ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். ‘கி.மு.’, ‘கி.பி.’ என்று தமிழில் ஒரே அமைப்பில் எழுதுவதால் நமக்கு இந்த ஏற்றத்தாழ்வு தெரிவதில்லை.

தாம்பரம் வாசகி

நான் பார்வையற்றவர். திரைவாசிப்பான் மூலமாகவே இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலப் பக்கங்களில் ஈ.ஜி. என்பதைப் புள்ளி இல்லாமல் எழுதினால், என் கருவி அதை ‘எக்’, அதாவது முட்டை என்று வாசித்துவிடுகிறது. பிரித்தானிய அரசின் இணையதளக் குழு 2016-இல் ஈ.ஜி., ஐ.ஈ., எட்செட்ரா ஆகியவற்றைக் கைவிடப் போவதாக அறிவித்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ஆங்கிலம் பிற்காலத்தில் கற்றவர்களுக்கு அவை புரிவதில்லை என்பது மற்றொன்று. எனவே என் கருத்து, தமிழில் மட்டும் அல்லாமல் ஆங்கிலத்திலும் பொதுமக்களுக்கான தாள்களில் இவற்றை விரித்தே எழுத வேண்டும் என்பதுதான்.

பாரிமுனை வழக்கறிஞர்

பொதுமக்களுக்கான தாள்கள் என்ற வரை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், அம்மா. ஆனால் நீதிமன்றத்தில் மாண்டமஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் நூற்றாண்டுக் கணக்கில் தீர்ப்புகள் நிற்கின்றன. அந்தப் பெயரை மாற்றினால், எந்தத் தீர்ப்புவழி பொருந்தும் என்பதையே மீண்டும் வாதாட வேண்டி வரும். என் வழக்கம், மனுவில் இலத்தீன் பெயர். கட்சிக்காரரிடம் பேசும்போதும் அவருக்குத் தரும் குறிப்பிலும் தமிழ்.

ராயப்பேட்டை மருந்தாளுநர்

சீட்டில் இலத்தீன் இருப்பதற்குக் கூட எனக்கு மறுப்பு இல்லை. அது மருத்துவருக்கும் எனக்கும் இடையிலான பேச்சு. ஆனால் அந்தத் தாள் நோயாளியின் வீட்டுக்கும் போகிறது என்பதால்தான் கவலை.

மயிலை மொழிபெயர்ப்பாளர்

எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. படிவத்தின் திருத்திய வரியை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘முகவரிச் சான்று: ஆதார் அட்டை, குடும்ப அட்டை முதலியவற்றுள் ஏதேனும் ஒன்று.’ நிறுவனத்துக்கு அனுப்பும் முன் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

திருவல்லிக்கேணி தமிழாசிரியர்

மொழி சரியாக இருக்கிறது. ஆனால் முகப்பில் நிற்பவருக்கு இது போதாது, அம்மா. ‘முதலிய’ என்றால் எது வரை என்று அவருக்கும் தெரியாது, வரிசையில் நிற்பவருக்கும் தெரியாது. நிறுவனம் எந்தெந்த ஆவணங்களை ஏற்கிறது என்று கேளுங்கள். அது எண்ணி முடிக்கக்கூடிய பட்டியல் என்றால் எல்லாவற்றையும் எழுதி ‘ஆகியவற்றுள்’ என்று முடியுங்கள். ஆங்கில மூலத்தில் ஈ.ஜி. இருந்ததே, எழுதியவர் முழுப் பட்டியலைத் தேடாமல் இரண்டைப் போட்டு நிறுத்தியதால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மயிலை மொழிபெயர்ப்பாளர்

ஐயா சொன்னபடி கேட்டேன். அவர்கள் ஏற்பவை மொத்தம் ஆறு. இன்று பிற்பகல் அனுப்பிய வரி: ‘முகவரிச் சான்று: ஆதார் அட்டை, குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, வாக்காளர் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று.’ ஆங்கிலப் படிவத்திலும் ஈ.ஜி.யை எடுத்துவிட்டு ஆறையும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி அம்மாவுக்கு இந்த வரியை வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமை கடவுச்சீட்டோடு மீண்டும் போகிறார். நானும் உடன் செல்கிறேன்.